பால்வாடி ஸ்டாப்பு

எண்ணூர்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சைமனும் ரீட்டாவும் நல்ல சுகம். நீ எப்படி இருக்கிறாய், அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. நவதுறவி ஆனபின் போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது நாலு வரி எழுதுவதற்குள் விரல் கடுக்கிறது. பத்தாம் வகுப்புக்கு அப்புறம் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை.

காலேஜில் சேர்ந்துவிட்டேன். பி.காம். தண்டையார்பேட்டை பக்கம் கவர்மெண்ட் காலேஜ். போன வருஷம் லீவில் வந்தபோது என் மார்க் ஷீட்டையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் குறையவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை அக்கா. கிளாசில் எல்லாம் பதினேழு, பதினெட்டு. நான் இருபத்துமூன்று, இடுப்பில் குழந்தை வேறு. எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள். உன் பட்டம் எனக்கு வந்துவிட்டது.

ரீட்டாவைப் பால்வாடியில் விட்டிருக்கிறேன். நம் குப்பத்திலிருந்து இருபது நிமிஷம் நடை. உனக்குத்தான் தெரியுமே, மெயின் ரோடு ஓரம், மஞ்சள் கட்டடம். கௌசர் டீச்சர் தங்கமானவர். அவளை விட்டுவிட்டு, அங்கே பஸ் நிற்காததால் இன்னும் பத்து நிமிஷம் ஓடி அடுத்த ஸ்டாப்பில் பஸ் பிடிக்கிறேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஏறுவதுதான் பாடு. காலேஜ் முதல் மணி ஒன்பதேகால். சமாளித்துக்கொள்வேன், கவலைப்படாதே.

ரீட்டா உன் போட்டோவைப் பார்த்து "யக்கா" என்கிறாள். பெரியம்மா என்று சொல்லிக்கொடுத்தும் கேட்கமாட்டேன் என்கிறாள்.

உன் தங்கை
சினேகா

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
4.8.2024

என் சினேகாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு முன்னால் எங்கள் மடத்து மதர் ஒரு தடவை படித்திருப்பார்கள். இங்கே வரும் கடிதமும் போகும் கடிதமும் அவர்கள் கண் பட்டுத்தான் போகும். அதனால் இனிமேல் அவர்களுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டுவிடு.

நான் சுகம். ராகிக் கஞ்சி பழகிவிட்டது. மாட்டுக் கொட்டகை வேலையும், பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகமும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு குழந்தைகள். அதில் ஒன்று சிரிக்கும்போது அச்சு அசல் ரீட்டா.

நீ காலேஜில் சேர்ந்ததைப் படித்ததும் இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை மாதிரி எனக்குத் துள்ளத் தோன்றியது. கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். "சமாளித்துக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறாய். உன்னை எட்டு வருஷம் வளர்த்தவள் நான். நீ அந்தச் சொல்லை எப்போது சொல்வாய் என்று எனக்குத் தெரியும். முதல் வகுப்பு எத்தனை நாள் தவறியது? மறைக்காமல் எழுது.

சைமனுக்கும் குட்டிக்கும் என் ஆசீர்.

சலேத்

*

எண்ணூர்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கும், மதர் அவர்களுக்கும் வணக்கம்.

எல்லாரும் சுகம். ரீட்டாவுக்குச் சளி வந்து போய்விட்டது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். போன மாதம் பதினைந்து நாள் முதல் வகுப்பு போச்சு. முதல் வகுப்பில் இல்லை என்றால் அரைநாள் கழித்துவிடுகிறார்கள். எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எனக்கு இப்போது அறுபத்தெட்டு.

வழி முழுக்க கண்டெய்னர் லாரி வரிசை. ஹார்பர் கேட்டில் இருந்து இங்கே வரை நின்றிருக்கும். சைமன் யார்டு வேலைக்கு ஆறு மணிக்கே போய்விடுவதால் ரீட்டாவை நான்தான் தூக்கிக்கொண்டு லாரிக்கும் கால்வாய்க்கும் நடுவில் நடக்க வேண்டும். ஸ்டாப்புக்கு ஓடி வருவதற்குள் இரண்டு பஸ் பிதுங்கப் பிதுங்கப் போய்விடும்.

ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தது. போன வாரம் நான் ஓடுவதைப் பார்த்து ஒரு கண்டக்டர், பால்வாடி எதிரிலேயே ஒற்றை விசில் கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டார். பெயர் ராசையா. ஏறினதும், "இன்னாம்மா, டெய்லி ஓடிகினே கீற, காலு இன்னாத்துக்கு ஆவும்? இப்டி குந்து" என்று தன் சீட்டைக் கொடுத்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தியதற்கு அடுத்த நாளே அவருக்குத் திட்டு விழுந்ததாம். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. அவர் என்னவென்றால், "மனு எய்தி குடும்மா. நான் நிறுத்துனா தப்பு, அவுங்க நிறுத்தச் சொன்னா டூட்டி" என்கிறார்.

அதனால் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதினேன். காலையில் குப்பத்துக்குள் ஒரு பஸ் வரவேண்டும், பால்வாடி முன்னால் நிற்கவேண்டும், அங்கிருந்து காலேஜ் வழியாகப் போகவேண்டும். மீன் விற்கும் கன்னியம்மா அக்கா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். நாற்பத்தொன்று. இவ்வளவு பேர் எனக்காகக் கையெழுத்துப் போடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு மட்டும் இல்லையாம். இரண்டு பெண்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு நர்சிங் சேர்ந்து பாதியில் நின்றிருக்கிறார்கள்.

வேண்டிக்கொள் அக்கா.

சினேகா

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
6.10.2024

என் சினேகாவுக்கு,

சுகம். இங்கே மழை ஆரம்பம்.

காப்பகத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, நான் கண்டக்டராகி, ஒற்றை விசில், இரட்டை விசில் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இப்போது ஜெப நேரத்தில்கூட ஒருத்தன் வாயால் விசில் அடிக்கிறான். மதர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாற்பத்தொரு கையெழுத்தைச் சொன்னேன். அன்று மாலை ஜெபத்தில் எல்லாரும் உன் பஸ்ஸுக்காக வேண்டினோம். எழுபது வயது சிஸ்டர் ஒருவர், "எந்த ஊருக்குப் போற பஸ்?" என்று அப்புறம் என்னிடம் கேட்டார்.

அறுபத்தெட்டு என்றாயே, அது இப்போது எவ்வளவு?

சலேத்

*

எண்ணூர்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும்,

எல்லாரும் சுகம். மழைத் தண்ணீர் வாசல் வரை வந்து வடிந்துவிட்டது.

மனுவுக்குப் பதில் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன், கேள்: "மனுதாரர் குறிப்பிட்டுள்ள பால்வாடி எனும் இடம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அது பால் விற்பனை நிலையம் என்பதும், பால் வாங்க வருவோர் நடந்தே வந்து செல்வதும் அறியப்பட்டது. எனவே பேருந்து நிறுத்தம் அவசியமில்லை."

நடந்தது இதுதான். ஆய்வுக்கு வந்தவர் ஊருக்குப் புதுசு போலிருக்கிறது. மத்தியானம், பால்வாடி பூட்டின பிறகு வந்திருக்கிறார். ரோட்டில் ஆள் இல்லை. லாரி வரிசையில் இருந்த வடநாட்டு டிரைவரிடம் பால்வாடி எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த ஆளுக்குத் தெரிந்த தமிழில் பால் ஒன்றுதான் உண்டு. நேராகப் பால் பூத்தைக் காட்டிவிட்டார். பூத்துக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கன்னியம்மா அக்கா கேட்டுவிட்டு, "நாப்பத்தோரு கையெய்த்து போட்டு பால் பாக்கெட்டுக்கா பஸ்சு கேட்டோம்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

இப்போது அறுபத்து மூன்று. துறைத் தலைவர் மேடம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். கௌசர் டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி, இந்த ஒரு செமஸ்டருக்கு மட்டும் அனுமதி வாங்கித் தந்தார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த செமஸ்டருக்கு இது நடக்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சினேகா

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
1.12.2024

என் சினேகாவுக்கு,

புயல் செய்தி கேட்டோம். கூரை தாங்கியதா? நீங்கள் மூவரும் சுகமா? உடனே எழுது.

பால் பூத் விஷயத்தை மதர் எனக்கு முன்னால் படித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவரைக் கொடுத்தார்கள். நான் படித்து முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அப்புறம் யோசித்தேன். இங்கே அடுத்த தெருவில் அரசாங்கப் பால்வாடி ஒன்று இருக்கிறது. போய் அதன் போர்டைப் பார்த்தேன். "குழந்தைகள் மையம்" என்று எழுதி, கீழே ஒரு எண் போட்டிருக்கிறது. பால்வாடி என்ற சொல் எந்தப் போர்டிலும் இல்லை சினேகா. நம் வாயில்தான் இருக்கிறது. கௌசர் டீச்சரின் மையத்தில் போர்டு எப்படி இருக்கிறதோ, அதே பெயரை, அதே எண்ணோடு மனுவில் எழுது. வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துவிடு. காலையில் எட்டரைக்கு வந்து பார்க்கச் சொல்.

இன்னொன்று. நம் பெட்டியில் என் பச்சைச் சுடிதார் ஒன்று இருந்தது. யாருக்காவது கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் இருக்கட்டும்.

சலேத்

*

எண்ணூர்
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. கூரை தாங்கியது. எல்லாரும் சுகம்.

நீ சொன்ன மாதிரியே எழுதினேன். போர்டின் மேல் பாதி சுண்ணாம்பில் மறைந்திருந்தது. கௌசர் டீச்சர் ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க "குழந்தைகள் மையம்" என்று வந்தது. பதினெட்டு வருஷமாக அங்கே வேலை செய்பவர், தன் போர்டைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அட, நம்ம பேரு இதுவா?" என்றார். ஒன்பதாம் தேதி மனுவைக் கொடுத்துவிட்டோம். இன்னும் பதில் இல்லை.

அக்கா, இதைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு லாரி பின்னால் எடுத்தது. நான் ரீட்டாவோடு கால்வாய்ப் பக்கம் சரிந்துவிட்டேன். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஜனவரியில் காலேஜ் திறந்தால் நான் போவதாக இல்லை. சைமன் வேண்டாம் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார்? என்னால் முடிந்தவரை பார்த்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே.

பச்சைச் சுடிதார் பெட்டியிலேயே இருக்கிறது. அங்கே உனக்கு வெள்ளைப் புடவைதானே, அது எதற்கு?

சினேகா

*

எண்ணூர்
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும்,

ஜனவரியில் உன் கடிதம் வரவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறும் போய்விட்டது. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே இல்லை என்று தலையாட்டிவிடுகிறார். உடம்புக்கு ஏதாவதா? என் மேல் கோபமா? கோபமாக இருந்தாலும் இதைப் படி.

பஸ் வந்துவிட்டது அக்கா.

ஜனவரி இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை. அதற்கு முந்தின வாரம் காலையில் எட்டரைக்கு ஒரு அம்மா ஆய்வுக்கு வந்திருக்கிறார். லாரிக்கும் கால்வாய்க்கும் நடுவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வரும் பெண்களைப் பார்த்திருக்கிறார். எழுதிக்கொண்டு போய்விட்டாராம். திங்கட்கிழமை எட்டு இருபதுக்குக் குப்பத்து முனையில் ஒரு சின்ன பஸ் வந்து நின்றது. பெரிய வண்டி நுழையாத சந்தில் அது நுழைந்துவிட்டது. படியில் ராசையா அண்ணன் நிற்கிறார். இந்த டூட்டியை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். நான் காலேஜை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நைட்டியோடு தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நாளைக்கி இந்நேரம் பையோட நிக்கணும், இல்லேன்னா வண்டி எட்க்க மாட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து போகிறேன். நாங்கள் யாரும் பால்வாடியில் இறங்குவதே இல்லை. கௌசர் டீச்சரும் ஆயாவும் ரோட்டோரம் வந்து நின்றுவிடுகிறார்கள். பிள்ளைகளைப் படியில் கைமாற்றிக் கொடுக்கிறோம். டீச்சர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணி, கையைத் தூக்கினால்தான் ராசையா அண்ணன் இரட்டை விசில் கொடுப்பார். அதுவரை டிரைவர் வல்லரசு ஆரன்கூட அடிப்பதில்லை. அங்கேயிருந்து நேராகக் காலேஜ். ஒன்பது ஐந்துக்குக் கிளாசில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் நானே முதல் ஆளாக வந்து, பெஞ்செல்லாம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இனிமேல் ஒரு நாளும் விடாமல் போனால் எழுபத்தைந்தைத் தாண்டிவிடலாம் என்று மேடமே கணக்குப் போட்டுச் சொன்னார்.

ஸ்டாப்பில் நட்டிருக்கும் புது போர்டில் "குழந்தைகள் மையம்" என்று எழுதியிருக்கிறது. ராசையா அண்ணன் அதன் அடியிலேயே நின்று, "பால்வாடி, பால்வாடி, புள்ளைங்கள எறக்கு" என்று கத்துகிறார்.

யாருக்கென்று நன்றி சொல்வது? கையெழுத்துப் போட்டவர்கள், டீச்சர், ராசையா அண்ணன், அந்தப் பெயர் தெரியாத அம்மா. எல்லாருக்கும் முன்னால் நீ. போர்டைப் பார் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் பால் பூத்தில்தான் நின்றிருப்போம்.

ஒரு வரி எழுது, போதும்.

சினேகா

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
2.3.2025

என் சினேகாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. ஜனவரியில் எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைக் காப்பகத்தில் சத்தமாகப் படித்தேன். பிள்ளைகள் எல்லாரும் இரட்டை விசில் அடித்தார்கள். முட்டிச் சிராய்ப்பு ஆறியதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

மே இருபத்துநான்காம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுக்கும் நாள். நீங்கள் மூவரும் வரவேண்டும். பச்சைச் சுடிதாரை இனி நீ போட்டுக்கொள். பிடித்தால் காலேஜுக்கே போட்டுக்கொண்டு போ. எனக்குத் தேவையில்லை.

சலேத்

*

எண்ணூர்
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும்,

எல்லாரும் சுகம். முட்டி எப்போதோ ஆறிவிட்டது.

சுடிதாரை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வயதில் நீ முதல் தடவை மடத்துக்குப் போனாய். ஒரே மாதத்தில் அம்மா இறந்துபோனாள். எனக்கு அப்போது பதின்மூன்று. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நீ வாசலில் வந்து நின்றாய், நான் ஓடிவந்து கட்டிக்கொண்டேன். அன்று நீ போட்டிருந்தது இதுதான். அதற்கப்புறம் எட்டு வருஷம் எனக்காகக் காசிமேட்டில் இறால் உரித்தாய். ஒருநாள்கூட மடத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்குக் கல்யாணமாகி, ரீட்டாவின் ஞானஸ்நானம் முடிந்த வாரம்தான் திரும்பிப் போனாய்.

டிசம்பரில் சுடிதார் இருக்கிறதா என்று ஏன் கேட்டாய் என்று இப்போதுதான் புரிகிறது. எனக்கு எத்தனை மந்த புத்தி. நீ மறுபடியும் வரப் பார்த்தாய். ரீட்டாவைப் பார்த்துக்கொள்ள, என்னைக் காலேஜுக்கு அனுப்ப.

இல்லை என்று சொல்லாதே அக்கா. உண்மையைச் சொல். பஸ் வரவில்லை என்றால் என் படிப்பு போகும் என்றுதான் நான் அழுதேன். உன் வாழ்க்கை இரண்டாவது தடவை போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று ராசையா அண்ணனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பயந்துபோய், "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

சினேகா

*

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
4.5.2025

என் சினேகாவுக்கு,

சுகம். நீ உண்மையைக் கேட்டாய், சொல்கிறேன்.

உன் டிசம்பர் கடிதம் வந்த அன்றே மதரிடம் போய், நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். ஸ்டோர் ரூமில் என் பழைய பையைக் கேட்டு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மதர் திட்டவில்லை. "ஒரு கடிதம் எழுதாமல் இரு. எழுதினால் பாதி மறைப்பாய். அவளிடமிருந்து இன்னும் ஒரு கடிதம் வரட்டும், அதைப் பார்த்துவிட்டுப் போ" என்றார்கள். நான் ஒத்துக்கொண்டேன். ஜனவரி முழுக்க மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டே, ரீட்டாவுக்கு என்ன சோறு ஊட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துக்கமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. உன்னை வளர்த்த எட்டு வருஷத்தை நான் ஒருநாளும் போய்விட்ட வருஷமாக நினைக்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்தது. வழக்கம்போல மதர்தான் முதலில் பிரித்தார்கள். சத்தமாகப் பேசக்கூடாத நேரம் அது. நான் கொட்டகையில் இருந்தேன். அறுபத்திரண்டு வயது, முட்டி வலி உள்ள மனுஷி, உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடிவந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்கள்:

"சலேத், பால்வாடி பஸ் வந்துடுச்சும்மா."

பையை அன்றைக்கே ஸ்டோர் ரூமில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் நான் வைத்திருந்தது ஒரே ஒரு சாமான்தான். காப்பகத்தில் மிச்சமான ஒரு சின்ன டிபன் டப்பா. மூடியில் வாத்து படம். ரீட்டாவைப் பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கொடுத்து அனுப்பலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அதை மட்டும் திருப்பிக் கொடுக்க மதர் விடவில்லை.

இருபத்துநான்காம் தேதி வரும்போது வாங்கிக்கொண்டு போ. பஸ்ஸில் படியில் கைமாற்றிக் கொடுக்கும்போது டப்பாவையும் மறக்காமல் கொடு.

ராசையா அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

சலேத்